கைக்கு வேலை தரும் கூடங்கள்: யூத அருங்காட்சியகங்களின் கல்வியும் கலையும்

யூத வேதமான தோராவின் சுருளை வெறும் விரலால் தொட்டுப் படிப்பது யூத மரபில் இல்லை. வரியைத் தொடர்ந்து செல்ல, நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சிறு கை வடித்த வெள்ளிக் கோலைப் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலான யூத அருங்காட்சியகங்களில் இந்தக் கோலைப் பார்க்கலாம். அருகிலேயே ஹனுக்கா விளக்கும், பஸ்கா விருந்துத் தட்டும், ஓய்வுநாள் முடியும்போது முகர்ந்துபார்க்கும் வாசனைச் சிமிழும் இருக்கும். எல்லாம் புழங்குவதற்கென்று செய்த பொருட்கள். எடுத்துப் புழங்க ஆளில்லாமல் அவை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போது வேலைப்பாடு தெரிகிறது, வாழ்க்கை தெரிவதில்லை. இந்த அருங்காட்சியகங்கள் நடத்தும் வகுப்புகளையும் பட்டறைகளையும் கலை நிகழ்ச்சிகளையும் இந்தக் குறையை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். வந்தவரின் கைக்கு ஒரு வேலையைக் கொடுத்த முயற்சிகளே ஆழமாக வேர்விட்டிருக்கின்றன.

உலகின் முதல் யூத அருங்காட்சியகம் 1895இல் வியன்னாவில் தோன்றியது. ஓய்வுநாளுக்கு அலங்கரித்த ஒரு வீட்டுக் கூடத்தை 1899இல் அங்கே அமைத்தார் ஓவியர் இசிடோர் காஃப்மன். பொருட்களைப் பிரித்து அடுக்காமல், அவை ஒன்றுசேர்ந்து வாழ்ந்த இடத்தையே காட்டிய முயற்சி அது. பெர்லினில் 1933 ஜனவரி 24 அன்று ஒரு யூத அருங்காட்சியகம் திறந்தது. ஆறே நாட்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மற்ற கூடங்களில் யூதக் கலைஞர்களுக்கு இடமில்லாமல் போன அந்த ஆண்டுகளில் அங்கே கண்காட்சிகள் தொடர்ந்தன. 1936இல் ஓவியர் மாக்ஸ் லீபர்மனுக்கு நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். 1938இல் வியன்னா, பெர்லின் இரண்டையும் நாஜிகள் மூடினார்கள்.

பிராகில் நடந்தது வேறு. பழைய யூதக் குடியிருப்பை இடித்து நகரைப் புதுப்பித்த காலத்தில், இடிபட்ட ஜெப ஆலயங்களின் பொருட்களைக் காப்பாற்ற 1906இல் வரலாற்றாசிரியர் சாலமன் ஹியூகோ லீபென் முன்நின்று தொடங்கிய அருங்காட்சியகம் அது. 1942 முதல் பொஹீமியா, மொராவியா ஊர்களின் யூதர்களை நாஜிகள் முகாம்களுக்கு அனுப்ப, அந்த ஊர்களின் ஆலயப் பொருட்கள் இங்கே வந்து குவிந்தன. அவற்றுக்கு எண்ணிட்டுப் பட்டியல் எழுதிய யூத ஊழியர்களில் பெரும்பாலோரும் பிறகு முகாம்களுக்கே அனுப்பப்பட்டார்கள். போருக்குப் பின் அரசிடம் போன நிறுவனம், 1994இல்தான் யூதச் சமூகத்தின் கைக்குத் திரும்பியது. 1996இல் கல்விக்கும் பண்பாட்டுக்கும் தனி மையம் அமைத்தது.

அந்த மையத்தின் பணிக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். வியன்னாவில் பிறந்து, பௌஹௌஸ் கலைப் பள்ளியில் பயின்ற ஓவியர் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ். 1942 டிசம்பரில் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். வரைதாள் கிடைக்கவில்லை. அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும் பொட்டலத் தாளும்தான் கிடைத்தன. கண்ணெதிரே இருந்த முகாமை வரையச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. தாளம் தட்டி அதற்கேற்பக் கோடு இழுப்பது, பெரிய ஓவியர்களின் படத்தைப் பார்த்து அதன் அமைப்பைக் கண்டுகொள்வது, கிழித்த காகிதத்தை ஒட்டுவது என்று பாடம் போயிற்று. முகாமில் எண்ணாகிவிட்ட குழந்தைகளைப் படத்தில் தங்கள் பெயரை எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த ஏறக்குறைய 4,500 படங்கள் போருக்குப் பின் பிராகுக்கு வந்து சேர்ந்தன. வரைந்த குழந்தைகளில் மிகப் பலர் பிழைக்கவில்லை. அவருடைய மாணவி எடித் கிரேமர் பின்னாளில் அமெரிக்காவில் ஓவியவழி மனநலச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

அந்தப் படங்கள் இன்று பிராகின் பிங்காஸ் ஜெப ஆலயத்தில் இருக்கின்றன. அதே கட்டடத்தின் சுவர்களில், கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு பள்ளி வகுப்பு அங்கே நின்றால் எதைக் கற்றுக்கொள்ளும்? துயரத்தின் அளவை. அந்தத் துயரத்துக்கும் தன் தெருவுக்கும் என்ன உறவு என்பதை அந்தச் சுவர் சொல்லாது. அதற்காகப் பிராக் அருங்காட்சியகத்தில் எழுந்ததுதான் ‘காணாமல்போன அயலார்’ என்ற திட்டம். ஏறத்தாழ 12 முதல் 18 வயதுள்ள மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து மறைந்துபோனவர்களைத் தாங்களே தேடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கண்டு பேசுகிறார்கள், ஆவணக் காப்பகங்களில் தேடுகிறார்கள், கண்டதைக் கண்காட்சித் தட்டிகளாக்குகிறார்கள். ஒரு அருங்காட்சியகம் தன் வேலையையே பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் இந்தத் துணிவை, நான் பார்த்த திட்டங்களில் முதலாவதாக வைப்பேன்.

வார்சாவில் போலின் அருங்காட்சியகம் இதையே பெரிய அளவில் செய்தது. 1943இல் நாஜிகளை எதிர்த்து எழுந்த கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த குடியிருப்பு) இருந்த மண்ணில் 2013இல் கட்டடம் திறந்தது. போலந்து யூதர்களின் ஆயிரமாண்டு வரலாற்றைச் சொல்லும் நிரந்தரக் கண்காட்சி 2014இல் வந்தது. அதன் நடுவே ஒரு மரக்கூரை உயர்ந்து நிற்கிறது. இன்று உக்ரைனில் இருக்கும் க்வோஜ்தியெத்ஸ் ஊரின் ஜெப ஆலயக் கூரை அது, மூல அளவில் 85 விழுக்காடு. அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டுடியோவுடன் சேர்ந்து, தச்சர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களுமாக 300 பேருக்கு மேல் இதில் உழைத்தார்கள். மின்கருவி இல்லை. கோடரியாலும் கைவாளாலும் மரத்தைச் செதுக்கினார்கள். உள்விதானத்தின் விலங்குகளையும் பூக்கொடிகளையும் போலந்தின் வெவ்வேறு ஊர்களில் பட்டறை போட்டு வரைந்தார்கள். மூல ஆலயத்தின் வண்ணங்களை அறிய உதவியவற்றுள் ஒன்று, வியன்னாவில் ஓய்வுநாள் கூடத்தை அமைத்த அதே இசிடோர் காஃப்மன் தீட்டிய படம்! எரிந்துபோன கட்டடத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கட்டிப் பார்த்தே அறிந்த தலைமுறை ஒன்று போலந்திலும் வெளியிலும் இப்போது இருக்கிறது.

சிற்றூர்களுக்கு வண்டியில் செல்லும் ‘சக்கரங்களில் அருங்காட்சியகம்’, எழுத்தாளர் யானுஷ் கோர்சாக்கின் குழந்தைக் கதை நாயகனான மாத்தியூ ராஜாவின் பெயரில் சிறுவர் பகுதி என்று போலினின் பட்டியல் நீளும். அவற்றுள் எளியது காகிதப் பூ. கெட்டோ எழுச்சித் தலைவர்களில் ஒருவரான மரெக் எடெல்மனுக்கு, எழுச்சி நாளில் பெயர் சொல்லாத யாரோ மஞ்சள் டாஃபடில் பூக்களை அனுப்பிவந்தார். அந்த நினைவில் 2013 முதல் ஒவ்வொரு ஏப்ரல் 19 அன்றும் தன்னார்வலர்கள் தெருவில் காகித டாஃபடில் கொடுக்கிறார்கள். வாங்கியவர் அதைத் தானே சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு செயல் ஒரு நிலைப்பாடும் ஆகிறது.

நிலைப்பாட்டுக்கு விலையும் உண்டு. 1968 மார்ச்சில் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு தூண்டிய யூத எதிர்ப்பைப் பற்றி 2018இல் போலின் ஒரு கண்காட்சி வைத்தது. இயக்குநர் டாரியுஷ் ஸ்டோலா அடுத்த ஆண்டு பதவிக்கான போட்டியில் மீண்டும் வென்றும், பண்பாட்டு அமைச்சர் நியமன ஆணை தரவில்லை. 2020இல் அவர் ஒதுங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்கு நேர்மையான வரலாற்றைச் சொல்லும் இடத்துக்கு அரசு பணம் கொடுக்கலாம், பாடத்தில் கைவைக்கக் கூடாது.

பெர்லினில் இன்றுள்ள யூத அருங்காட்சியகம் 2001இல் கட்டடக் கலைஞர் டேனியல் லிபஸ்கிண்ட் வடிவமைத்த கட்டடத்தில் திறந்தது. 2013இல் அங்கே ஒரு கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டி போன்ற அடைப்பில் ஒரு யூதர் அமர்ந்து பார்வையாளர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். யூதரை நேரில் சந்தித்தே அறியாத ஜெர்மானியர் தயங்காமல் கேட்கட்டும் என்பது நோக்கம். பலர் கொதித்தார்கள், அவர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். உயிருள்ள மனிதரைக் காட்சிப் பேழைக்குள் வைத்துவிட்டு உரையாடல் என்பது பொருந்தாது. 2021இல் அதே நிறுவனம் பழைய பூச்சந்தைக் கூடத்தில் திறந்த அனோஹா என்ற சிறுவர் அருங்காட்சியகம் எவ்வளவோ மேல். நோவாவின் பேழை மரத்தில் உயர்ந்து நிற்கிறது. பழம்பொருட்களால் செய்த 150 விலங்குகளைக் குழந்தைகள் தொடலாம், ஏறலாம், அவற்றைப் பேழைக்குள் சேர்க்கும் விளையாட்டும் ஆடலாம்.

நியூயார்க்கின் நிலைமை வேறு. 1904இல் ஒரு நீதிபதி 26 பொருட்களை நன்கொடையாகத் தந்ததில் தொடங்கி, 1947இல் ஐந்தாம் அவென்யூவின் வார்பர்க் மாளிகைக்கு வந்த அருங்காட்சியகம், 1966இல் மினிமலிசச் சிற்பங்களுக்கு வழிகாட்டிய கண்காட்சியை நடத்தியது. அதில் யூத மதப் பொருள் எதுவுமில்லை. 1992 முதல் யூதத் திரைப்பட விழாவை லிங்கன் சென்டருடன் சேர்ந்து நடத்துகிறது. பக்கத்துத் தெருக்களில் சமூகம் உயிரோடு இருப்பதால், ஓய்வுநாள் விளக்கை எப்படி ஏற்றுவது என்று காட்டும் பாரம் அதன் தலையில் முழுதாக இல்லை. அந்தச் சுதந்திரம் வார்சாவுக்கு இல்லை.

அந்தச் சுதந்திரம் நமக்கு அருகே கேரளத்தில் உள்ள பரவூருக்கும் இல்லை. கொச்சி யூதர்கள் 1950களில் பெருமளவில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின், பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்களைக் கேரள அரசு புதுப்பித்து முசிறி மரபுத் திட்டத்தில் காட்சியகமாக்கியிருக்கிறது. கட்டடத்தைக் காத்தது பெரிய காரியம். இங்கே சமூகம் மறைந்தது கொலையால் அல்ல, குடிபெயர்வால் என்பதால் பிராகின் துயரப் பாடம் வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளின் கைக்கு இங்கேயும் வேலை உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கல்வெட்டு படிக்கப் பழகும் தமிழ் மாணவரும் மலையாள மாணவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தக்க ஆவணம் அது.

பாட்டும் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் திருமணப் பாட்டும் விவிலியக் கதைப் பாட்டும் தலைமுறை தலைமுறையாகப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் கையெழுத்தில் பாதுகாத்தார்கள். ஆய்வாளர்கள் ஸ்கரியா சக்கரியாவும் பார்பரா ஜான்சனும் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒலிப்பதிவுகள் ஜெருசலேமில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு, சொல்லைப் பிடித்து, மெட்டை வாங்கிக்கொள்ளப் பரவூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஒரு இசை ஆசிரியரும், வாரத்தில் ஒரு மாலையும், அந்த ஆலயத்தின் முற்றமும் போதும். இஸ்ரேலில் வாழும் பாட்டிமார்களில் இந்தப் பாட்டுகளை நினைவிலிருந்து பாடக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது அழைத்து வந்து முதல் வகுப்பை நடத்தச் செய்ய வேண்டும், அதுவும் சீக்கிரம்.