தாகூரின் கிளிக்கதையும் கண்டிச் சிறாரின் கல்வியும்

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் எழுதிய கதைகளுள் அளவிற் சிறியதும் பொருளிற் பெரியதுமான ஒன்று, ‘கிளிக்கதை’ எனப் பொருள்படும் ‘தோதாகாஹினி’ ஆகும். 1918 இல் வெளிவந்த இக்கதை, ஏட்டுக்கல்வியை எள்ளி நகையாடும் அங்கதமாகப் பாராட்டப்பட்டு வருகின்றது. அப்பாராட்டுத் தகுவதே. எனினும், கதை யாரைக் குற்றஞ்சாட்டுகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்னும் இரண்டையும் கண்டிச் சூழலில் வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

பாடித் திரிந்த கிளியொன்று சாத்திரம் அறியாதிருப்பதைக் கண்டு, அதற்குக் கல்வி புகட்டுமாறு அரசன் ஆணையிடுகின்றான். பொற்கூண்டு செய்யப்படுகின்றது, ஏடுகள் மலைபோற் குவிகின்றன, எழுத்தரும் கொல்லரும் செல்வராகின்றனர். பார்வையிட வந்த அரசன் அவ்வாரவாரத்தில் மகிழ்ந்து திரும்புகின்றான். அவ்வேளை, புதர்மறைவில் நின்ற குறைகூறுவோன் ஒருவன், கிளியைக் கண்டாரா என அவனை வினவுகின்றான். அரசன் அதனை மறந்தே போயிருந்தான். ஈற்றிற் கிளி மாண்டு, அதன் உடலுள் உலர்ந்த ஏடுகளின் ஒலி மாத்திரமே எஞ்சுகின்றது.

கூண்டே குற்றவாளி, அதனைத் திறந்துவிட்டாற் போதும் என்பதே இக்கதைக்குப் பலர் கொள்ளும் பொருள். 1901 இற் சாந்திநிகேதனத்தில் மரநிழலிலே பள்ளி நடத்தத் தொடங்கிய தாகூரின் வாழ்வும் அக்கருத்துக்கு அரண் செய்வதுபோலத் தோன்றும். ஆயினும், கதையின் உயிர்நிலை அவ்வினாவிலேயே உள்ளது. கூண்டு, கிளியைக் காணாமையின் விளைவேயன்றி அதன் காரணம் அன்று. ஆகவே, காணாமை நீங்காதவிடத்து வெளியும் ஒரு கூண்டாகலாம்.

இதற்குச் சான்று பேராதனையிலேயே உண்டு. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 1821 முதல் அங்கு விளங்கும் தாவரவியற் பூங்காவுக்குப் பேருந்துகளிற் பல பள்ளிச் சிறார் வருகின்றனர். வரிசை குலையாது நடந்து, பெயர்ப்பலகைகளைக் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதி மீளும் பிள்ளைகளை ஆங்குக் காணலாம். அத்தகைய பயணத்தில் ஏடு இடம் மாறியதேயன்றிக் கல்வி மாறவில்லை.

அப்பூங்காவின் மரங்களில் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைச் சிறிது நேரம் உற்றுநோக்கவிட்டால், அவை எதனை உண்கின்றன, விதை எங்கே போகின்றது எனப் பிள்ளை தானே வினவும். பின்னர், நகரின் பழஞ்சுவரொன்றில் முளைத்த அரசங்கன்றைக் காணும்போது, பழமுண்ட பறவையின் எச்சத்தால் விதை அங்கு வந்ததென்பதை அது தானே உய்த்துணரும். தாவரவியலும் விலங்கியலும் அங்கே ஒரு பாடமாகின்றன. தலதா மாளிகைக்குப் பின்னே, 1938 இற் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தகெலேக் காட்டினுள் பறவையொலி கேட்க அமைதியாய் நிற்கும் பிள்ளை, எவரும் அதட்டாமலே பொறுமையைப் பயில்கின்றது. உடலுக்கும் இதனால் நன்மையுண்டு: பகலொளியில் வெளியே கழியும் நேரம் சிறாருக்குக் குறும்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கின்றதென அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனிக் கதை சொல்லாது விட்டதைக் காண்போம். தாகூரின் கிளிக்குப் பெற்றோர் இலர். பிழைப்புக் கவலையும் இல்லை. மனிதக் குழந்தைக்கு இவ்விரண்டும் உண்டு. தாகூர் 1934 இல் ஹொரணையில் ஸ்ரீபாலிக் கல்விநிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே பத்தாண்டில், கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிற் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பயிர்த்தொழில், கைப்பணி, உடனலம் ஆகியவற்றோடு பாடங்களை இணைத்த அது நற்கருத்துடையதே. ஆயினும், நகரத்து ஆங்கிலப் பள்ளிகள் உத்தியோகத்துக்கு வழிகாட்ட, கிராமத்துப் பிள்ளைக்கு மாத்திரம் மண்வெட்டியா என்னும் ஐயம் எழுந்தது. திட்டம் நிலைக்கவில்லை.

அவ்வையம் இன்றும் அறவே நீங்கியதன்று. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் தாய்க்கு, வெளி என்பது வெயிலும் மழையும் அட்டைக்கடியுமாம். தன் பிள்ளை கூரையின்கீழ் நாற்காலியில் அமர்வதே அவளுக்கு விடுதலை. புலமைப்பரிசிற் பரீட்சையை அவள் பெரிதாய் மதிப்பது பேதைமையன்று. அவளிடம் மரத்தடிக் கல்வியைப் புகழ்வோர், நகரத்துப் பெரும்பள்ளிகளில் முதற்கண் அதனை நடத்திக் காட்டக் கடமைப்பட்டவராவர். வசதியுள்ளார்க்கு ஏடும் வறியார்க்குக் காடும் என வகுக்கப்படும் கல்வி, எத்துணை இயற்கையோடு இயைந்ததாயினும், நீதியோடு இயைந்ததன்று.

தாகூரின் கதைக்கு இது குறையாகாது. அதனைக் கைக்கொள்வோர் நிரப்ப வேண்டிய இடமேயாகும். வெளிக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாய்க் கிடைத்தல் வேண்டும். ஆசிரியர் பெயர்ப்பலகையை விட்டுப் பிள்ளையின் முகத்தை நோக்குதல் வேண்டும். பாடத்திட்டம் வகுப்போரும் பள்ளியைப் பார்வையிடுவோரும் புதர்மறைவில் எழுந்த அவ்வினாவுக்கு முதலில் விடையிறுப்பாராக.