ஆண்டறிக்கை என்னும் இலக்கிய வகை

கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுத இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருஷமும் மாசி, பங்குனி வாக்கில் ஆயிரக்கணக்கான மேடைகளில் மைக் வைத்துச் சத்தமாகப் படிக்கப்படும் ஒரு உரைநடை வகை இருக்கிறது. அதை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டதாக என் கண்ணில் படவில்லை. பள்ளி ஆண்டறிக்கையைத்தான் சொல்கிறேன்.

இந்த யோசனை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு பள்ளியில் படித்த தோழி இப்போது டெல்டா பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. போன மாதம் போன் பண்ணினாள். "நீதான் என்னென்னமோ எழுதுறியே, எங்க ஆண்டறிக்கையையும் ஒரு தடவை பாத்துக் குடேன். வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்கு, எனக்கே படிக்க அலுப்பா இருக்கு." மாதிரிக்கு என்று பழைய அறிக்கைகளையும் ஒரு கட்டாக அனுப்பி வைத்தாள். ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன். படித்து முடித்தபோது அவள் சொன்ன அலுப்பு புரிந்தது, கூடவே வேறொன்றும் புரிந்தது.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, அதற்கப்புறம் ஆண்டறிக்கை. சிறப்பு விருந்தினர் பேசுவதற்கு முன்னால் வரும். மேடைக்குப் பின்னால் கரகத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் வேஷம் கட்டிய பிள்ளைகள் பவுடர் வியர்வையில் வழிய நின்றுகொண்டிருப்பார்கள். கேட்பவர்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் அறிக்கை வேகமாக ஓட வேண்டும், ஓடுகிறது. கல்வி, விளையாட்டு, கலை இலக்கியப் போட்டிகள், மன்றங்கள், புரவலர்களுக்கு நன்றி என்ற வரிசை மாறுவதே இல்லை. மன்றங்கள் என்ற தலைப்பில் சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம், ஜூனியர் ரெட் கிராஸ், பசுமைப் படை எல்லாம் ஆளுக்கு ஒரு வரி பெற்றுக்கொள்ளும்.

இனி மொழி. இந்த வகைக்கென்றே சில வினைமுற்றுகள் இருக்கின்றன: பெற்றுள்ளனர், ஈட்டியுள்ளது, வென்று பெருமை சேர்த்துள்ளார், பங்கேற்றுச் சிறப்பித்தனர். கவனித்துப் பார்த்தால் எல்லாமே முடிந்துபோன வினைகள். ஒருவர் எதையோ வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் கணம்தான் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆறு மாதம் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தார், எங்கே ஓடிப் பழகினாள், கபடிக் குழுவுக்கு மண் தரையை யார் கொத்திவிட்டார் என்ற விவரம் எந்த அறிக்கையிலும் கிடையாது. விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்ட கதையும் கிடையாது. அதை எதிர்பார்ப்பது அதிகம், சரி.

அடுத்தது பெயர்கள். பள்ளி ஆண்டு மலர் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடுத்து இதைச் செய்து பாருங்கள். சாதனையாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் குறியுங்கள். நான் படித்த அறிக்கைகளில் ஒரு வருஷம் ஒரே பெண் பேச்சுப் போட்டி, கட்டுரை, வினாடி வினா, வகுப்பில் முதலிடம், வருகைப் பதிவு என்று ஐந்து இடத்தில் வருகிறாள். சந்தோஷம்தான், கெட்டிக்காரப் பெண். ஆனால் அறிக்கையைக் காதால் கேட்பவருக்கு ஐந்து சாதனைகள் ஐந்து பிள்ளைகளுடையதாகத்தான் விழும். பட்டியல் நீளமாக இருக்கிறது என்பதற்காகப் பள்ளி பரந்து வளர்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. அதே பட்டியலின் ஓரத்தில் "மற்றும் பலர் பங்கேற்றனர்" என்று ஒரு வரி இருக்கும். பள்ளிக்கூடம் முக்கால்வாசி அந்த "பலர்" என்ற சொல்லுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

கல்விப் பகுதிக்கு வந்தால் இன்னும் சிக்கல். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கைதட்டல் இங்கேதான் அதிகம். தேர்ச்சி விகிதம் ஒரு பின்னம், அதற்கு மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணும் உண்டு. அறிக்கை மேலே இருப்பதை மட்டும் கொண்டாடுகிறது. கீழே இருப்பது தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கை, பள்ளியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. ஒரு பேச்சுக்கு, ஆறாம் வகுப்பில் 120 பேர் சேர்ந்தார்கள், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் 84 பேர் என்று வைத்துக்கொள்வோம். 84 பேரும் தேறினால் 100 சதவீதம். ஆனால் 120-ஐக் கீழே வைத்தால் 70. மீதி 36 பேரில் சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலர் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள், சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். "பத்தாவதுல இவன் தேறமாட்டான், டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கிற பள்ளிகளும் இருக்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். நூறு சதவீதம் என்பது நல்ல கற்பித்தலாலும் வரும், வடிகட்டினாலும் வரும். அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று சொல்ல முடியாது. ஒரு பிரதியைப் பற்றி விமர்சகன் வைக்கக்கூடிய பெரிய குறை இதுதான்: உண்மையைச் சொல்லும்போதும் மறைக்கும்போதும் அதன் வாக்கியம் ஒன்றாகவே இருக்கிறது.

இதைச் சரிசெய்ய அரசுகள் முயன்றதே இல்லை என்று சொல்ல முடியாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. அதுவரை முடிவு வரும் நாளில் அம்மா இனிப்பு ஊட்டும் போட்டோ இல்லாத செய்தித்தாளே கிடையாது. பக்கத்துக் கேரளத்தில், பள்ளிக் கலோத்சவத்தில் தனி மாணவருக்குக் கொடுத்துவந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களை 2006-ல் விட்டுவிட்டார்கள். தங்கக் கோப்பை மாவட்டத்துக்குப் போகிறது, பிள்ளைகளுக்கு கிரேடு கிடைக்கிறது. இந்த இரண்டு முடிவுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றும் மாலை மற்ற பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்ற கவலை. ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? மாநில ரேங்க் நின்றது, பள்ளி வாசல் பிளெக்ஸ் நிற்கவில்லை. ஆண்டறிக்கையின் நடையும் மாறவில்லை.

இங்கே சாதனை என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். சங்கீதக்காரர்கள் விடியற்காலையில் செய்யும் பயிற்சிக்குச் சாதகம் என்று பெயர். கடைசியில் மேடையில் நடப்பதைச் சாதனை என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பேச்சு வழக்கில் இன்னொரு அர்த்தம் இருக்கிறது. பிள்ளை பிடிவாதம் பிடித்தால் "ஏன்டி இப்படிச் சாதிக்கிற?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். விடாமல் நிற்பதற்குப் பெயர் சாதிப்பது. பயிற்சி, பிடிவாதம், பலன் மூன்றும் இந்தச் சொல் குடும்பத்துக்குள் இருக்கின்றன. ஆண்டறிக்கை மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் இரண்டையும் கீழே போட்டுவிட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு 48,000. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பணம் ஒரு பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்கும். பழைய அறிக்கைகளில் இதற்குக் கிடைத்த இடம் "நால்வர் தேர்ச்சி பெற்றனர்" என்ற ஒரு வரி. சாயங்காலம் பள்ளி விட்டபிறகு அவர்களுக்காக உட்கார்ந்த ஆசிரியருக்கு அந்த அரை வரிகூட இல்லை. எம்.எல்.ஏ. வந்து போனதற்கு மூன்று வரி.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்று சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"சரிடா. இந்த வருஷம் எங்க ஸ்கூல் செஞ்ச பெரிய வேலை எது தெரியுமா? பிளஸ் ஒன்ல ஒரு புள்ள தீபாவளிக்கு அப்புறம் வரல. கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க. எங்க டீச்சர் மூணு தடவை வீட்டுக்கு நடந்தாங்க. கடைசியில 1098-க்குப் போன் பண்ணி, ஆபீசருங்க வந்து பேசி, கல்யாணம் நின்னுச்சு. அந்தப் புள்ள இப்ப கிளாஸ்ல உக்காந்திருக்கு. இத எப்படி நான் மைக்ல படிக்கிறது? அவளும் அங்கதான் இருப்பா. அவ அப்பனும் இருப்பான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் அதுவரை ஆண்டறிக்கையின் மௌனம் எல்லாவற்றையும் சோம்பேறித்தனம் அல்லது விளம்பரம் என்று நினைத்திருந்தேன். சில மௌனங்கள் காவல் என்பது உறைக்கவில்லை. கோப்பையை மேடையில் தூக்கிக் காட்டலாம். திரும்பி வந்த பெண்ணைத் தூக்கிக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. பெயர் சொல்லிக் கொண்டாடும் வடிவத்துக்குள் பள்ளியின் முக்கியமான வேலை நுழையவே முடியாதபடி இருக்கிறது. அது எழுதுகிறவரின் குற்றம் மட்டுமல்ல.

அப்படியானால் பெயர்களை எல்லாம் எடுத்துவிடலாமா? அதுவும் கூடாது. ஏழாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டம்ளர். பள்ளியின் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும், என் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அன்றைக்கு மைக்கில் என் பெயரைப் படித்தார்கள். அம்மா அந்த டம்ளரில்தான் இன்னும் காபி குடிக்கிறாள். எங்கள் தெருவில் அதுவரை யார் பெயரையும் மைக்கில் படித்ததில்லை, வாக்காளர் பட்டியலைத் தவிர எங்கும் அச்சில் வந்ததுமில்லை. அந்த ஒரு நிமிஷத்தை எந்தப் பிள்ளையிடமிருந்தும் பிடுங்கும் உரிமை எனக்கில்லை. என் புகார் பெயர்களைப் படிப்பதைப் பற்றியது அல்ல. பெயர் வைத்துச் சொல்ல முடிவது மட்டும்தான் பள்ளியின் வருஷம் என்று நம்பவைப்பதைப் பற்றியது.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து மூன்றே மூன்று மாற்றம் செய்தோம். ஒன்று, தேர்ச்சி விகிதத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்றைக்கும் இதே பள்ளியில் இருப்பவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள். தோழிக்குத் தயக்கம் இருந்தது, மேடையில் மேலதிகாரி இருப்பாரே என்று. ஆனாலும் போட்டாள். இரண்டு, விளையாட்டுப் பகுதியில் குறுவட்டப் போட்டியில் ஜெயித்தவர்கள் பெயருக்குப் பிறகு, அந்த வருஷம் பள்ளி மைதானத்தில் ஏதாவது ஒரு போட்டியில் ஓடிய, எறிந்த, தாண்டிய மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை. மூன்று, பெயரில்லாத ஒரு வாக்கியம்: "இந்த ஆண்டு பள்ளியை விட்டு நின்ற ஐந்து பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போன ஆசிரியர்களுக்குப் பள்ளி நன்றி சொல்கிறது."

விழாவுக்குப் போயிருந்தேன். அந்த வாக்கியம் வந்தபோது யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டிய இடம் இதுதான் என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. அடுத்த வரியில் கபடி வந்தது, விசில் பறந்தது. மேடை ஓரத்தில் ஒரு ஆசிரியை பரிசு டிபன் பாக்ஸ்களை வகுப்பு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். மூணு தடவை நடந்தவர் அவரா என்று நான் தோழியிடம் கேட்கவில்லை.

ஒரு வாக்கியத்துக்கு அந்தக் கூட்டம் பழக இன்னும் சில வருஷம் ஆகும். தேர்ச்சி விகிதத்துக்குக் கைதட்ட அவர்களும் ஒரு காலத்தில் பழகியவர்கள்தான். தோழி அடுத்த வருஷ அறிக்கைக்கு இப்போதே ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். ஜூன் மாதமே எழுத ஆரம்பித்துவிடுவாளாம். என் பங்குக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "பெற்றுள்ளனர்"-ஐக் குறைத்து, "முயன்றார்கள்" என்று முடியும் வாக்கியம் பக்கத்துக்கு ஒன்றாவது வரட்டும்.