விலை தெரியாத இரண்டு பொருள்கள்

சங்ககிரியைத் தாண்டி நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணைக்காரர்கள் போட்டே தீரவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 100 கிலோ மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 9 கிலோ புரதம். அதே அளவு சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 45 கிலோ. 100 கிலோ முட்டைக்கோழித் தீவனத்தில் 18 கிலோ புரதம் வேண்டும் என்றால் எதை எவ்வளவு கலப்பது? சோளம் x கிலோ, புண்ணாக்கு y கிலோ என்று வைத்தால் x + y = 100, 9x + 45y = 1800. சோளம் 75, புண்ணாக்கு 25.

ஒன்பதாம் வகுப்பில் "5 பேனாவும் 3 நோட்டும் சேர்ந்து இத்தனை ரூபாய்" என்று தொடங்கும் கணக்கும் இதே எலும்புக்கூடுதான். ஆனாலும் அதை நன்றாகப் போடுகிற மாணவர்கள் பலர் தீவனக் கணக்கில் தடுமாறுகிறார்கள். குறை மாணவரிடம் இல்லை, நாம் பழக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் இந்த வகைக் கணக்கின் பெருமையைச் சொல்ல வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகத்திலேயே இது வருகிறது: 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் சேர்ந்து 107 காசு, 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் 101 காசு, ஒவ்வொன்றும் என்ன விலை? வகுப்பில் பழகியவர்கள் உடனே 9ஆலும் 7ஆலும் பெருக்கி நீக்கல் முறையில் இறங்குவார்கள். சற்று நின்று பார்த்தால் வேறு வழி தெரியும். இரண்டையும் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 16 பழம், 208 காசு. ஆக ஒரு ஜோடி 13 காசு. கழித்தால், இரண்டு நாரத்தை இரண்டு விளாம்பழத்தைவிட 6 காசு கூடுதல். ஆக ஒன்றுக்கு 3 காசு வித்தியாசம். நாரத்தை 8, விளாம்பழம் 5. விடையைத் திரும்பப் போட்டு, 72 + 35 = 107 என்று மாணவரே சரிபார்த்துக்கொள்ளலாம், ஆசிரியரின் சிவப்பு மைக்குக் காத்திருக்க வேண்டாம். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்ததைப் போலவே அதைக் கையாளும் துணிச்சலை இவ்வளவு எளிதாகக் கற்றுத்தரும் கணக்கு பள்ளிப் பாடத்தில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

பழுது, "நாரத்தை = x" என்று எழுதும் இடத்தில் நுழைகிறது. x நாரத்தை அல்ல, ஒரு நாரத்தையின் விலை. x பழமே என்றால் 9x + 7y என்பது 16 பழம். அது எப்படி 107 காசு ஆகும்? விலைக் கணக்கில் இந்தத் தவறு மறைந்துகொள்கிறது, விடையும் சரியாகவே வந்துவிடுகிறது. தீவனக் கணக்கில் மறையாது. அங்கே சோளத்துக்கு எடை உண்டு, புரதம் உண்டு, கிலோ விலையும் உண்டு. "சோளம் = x" என்று பழகிய கைக்கு x இந்த மூன்றில் எது என்று தெரியாது.

அடுத்த குறை, விடை எப்போதும் முழு எண்ணாகவே அமையும்படி கணக்கைச் செதுக்குவது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்; அதற்காக 10 கிலோ ஒதுக்கினால் x + y = 90. இப்போது சோளம் 62.5, புண்ணாக்கு 27.5. பின்னம் வந்ததும் "தப்பாயிடுச்சு" என்று அடித்துவிட்டுத் திரும்பப் போடும் பிள்ளைகள் உண்டு. தராசுக்குப் பின்னம் தப்பே இல்லை.

ஒரே விடைக்குத் தேவையான தகவலைக் கச்சிதமாகக் கொடுத்துவிடும் பழக்கமும் கெடுதல்தான். டீ 12 ரூபாய், வடை 8 ரூபாய், மொத்தச் செலவு 100 என்றால் எத்தனை டீ, எத்தனை வடை? இரண்டும் வாங்கியிருந்தால் விடை நான்கு: 1 டீ 11 வடை, 3க்கு 8, 5க்கு 5, 7க்கு 2. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதத்தில் 100 காசுக்கு 100 பறவை வாங்கச் சொன்ன கணக்குக்கும் பல விடைகள் உண்டு. அந்த மரபை வகுப்பறை விட்டுவிட்டது. தகவல்கள் முரண்பட்டாலும் அப்படித்தான்: 2 பேனாவும் 3 நோட்டும் 90 ரூபாய், 4 பேனாவும் 6 நோட்டும் 170 ரூபாய் என்றால் "தீர்வு இல்லை" என்று எழுதி முடிக்கிறோம். கடைக்காரர் 10 ரூபாய் தள்ளிக் கொடுத்திருக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது.

உள்ளூர்ச் சாயம் பூசுவதால் இது தீராது. பேனாவை எடுத்துவிட்டு லாரி டயர் என்று எழுதினால் சங்ககிரிப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு நெருக்கமாகிவிடாது. கேள்வியின் தன்மை மாற வேண்டும்.

இந்தக் கணக்கைப் பாடத்திலிருந்து தூக்கக் கூடாது, இன்னும் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. x எதைக் குறிக்கிறது, எந்த அலகில் என்று முழு வாக்கியமாக எழுதுவதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். தேர்வுதோறும் ஒரு கணக்கிலாவது ஒரு தகவலைக் குறைத்துவிட்டு, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று மாணவரையே கேளுங்கள்.