பதிவேட்டின் அறிவிப்பாளர் யார்?

ஹதீஸ் கலை பயிலும் மாணவர் முதலில் கற்பது, செய்தியின் வாசகத்தை எடைபோடுமுன் அதை அறிவித்தவர் யார் என வினவ வேண்டும் என்பதாகும். ஆயினும் சமூக வரலாறு எழுதும்போது, அரசாங்க அறிக்கையில் அச்சான எண்களை இஸ்னாது கேளாமலே நாம் ஏற்றுக்கொள்கிறோம். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சென்னை நகரின் பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

நகரத்தின் எண்களை முதலில் மலையிலிருந்து நோக்குவோம். ஏற்காட்டில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் உள்ளது. அதைச் சூழ்ந்த ஊர்களில் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் கேரளத்தார் அல்லர். இவர்களுள் ஒருவரோ, காபித் தோட்டத் தொழிலாளி ஒருவரோ நோயுற்று மலையிறங்கி, சேலம் நகர மருத்துவமனையில் மரணித்தால், அது நகரத்தின் இறப்பாகவே பதிவாகும். ஏனெனில், நிகழ்ந்த இடத்தில் பதிவு செய்வதே விதி. அவருடைய பிறப்போ, பதிவாகியிருந்தால், மலையூரின் கணக்கில் இருக்கும். மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் நாடிவந்த சென்னையில் இவ்விதியின் விளைவு இன்னும் பெரிது. நகரத்தின் இறப்பு விகிதம் நகரத்தாரின் ஆரோக்கியத்தை மட்டும் காட்டுவதன்று.

இனி, அறிவிப்பாளரைக் காண்போம். 1899ஆம் ஆண்டின் மாகாணப் பதிவுச் சட்டத்தின்படி, கிராமங்களில் இப்பொறுப்பு வரி வசூலிக்கும் கிராமத் தலைவரிடமே விடப்பட்டது. நகரத்தில் மாநகராட்சிப் பதிவாளர்கள் இருந்தனர். ஆனால் பிறப்பும் இறப்பும் அவர்களை ஒரே வழியில் வந்தடையவில்லை. இறப்புக்கு மையவாடியும் சுடுகாடும் சாட்சி. வீட்டில் நிகழ்ந்த பிறப்புக்கோ மருத்துவச்சியும் உறவினருமே சாட்சி. ஹிஜ்ரி 681இல் மறைந்த இப்னு கல்லிகான் (ரஹ்) தம் புகழ்பெற்ற நூலுக்கு ‘வஃபயாத்துல் அஃயான்’ என மரணங்களைக் கொண்டே பெயரிட்டார். வஃபாத்தான ஆண்டு தெரிந்து, பிறந்த ஆண்டு தெரியாத அறிஞர்கள் நம் வரலாற்றில் ஏராளம். மாநகராட்சியின் ஏட்டிலும் இத்தகைய குறை உண்டு.

இதனால் விளையும் பிழையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆயிரம் குழந்தைகள் பிறந்து, அவர்களுள் 200 பேர் ஓராண்டுக்குள் இறந்தால் சிசு மரண விகிதம் 200. பிறப்புகளில் 800 மட்டும், இறப்புகளில் 190 பதிவானால் அது ஏறத்தாழ 238 ஆகிவிடும். பிறந்து சில நாழிகையில் இறந்த குழந்தை இரண்டு ஏடுகளிலும் விடுபட்டால், பிழை எதிர்த்திசையில் செல்லும். இங்கே நம் ஃபிக்ஹு நூல்களின் நுட்பம் நினைவுகூரத்தக்கது. பிறந்த குழந்தை அழுததா என்பதை, ‘இஸ்திஹ்லால்’ என்ற பெயரில், ஜனாஸா தொழுகைக்கும் வாரிசுரிமைக்கும் உரிய அடையாளமாக அவை விவாதிக்கின்றன. உயிருடன் பிறந்ததா, இறந்தே பிறந்ததா என்னும் இவ்வினாவைப் பதிவாளர் கேட்டாரா என்பதைப் பொறுத்தே அவருடைய எண்ணின் பொருள் அமையும்.

மக்கள்தொகையும் கவனிக்கத்தக்கது. சென்னையில் 1921இல் 5,26,911 பேரும் 1931இல் 6,47,230 பேரும் கணக்கிடப்பட்டனர். 1930இன் இறப்புகளை 1921இன் தொகையால் வகுத்தால், விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடித் தோன்றும்.

குறைபாடு சென்னைக்கு மட்டும் உரியதன்று. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவின் 1937ஆம் ஆண்டு இறப்பு விகிதத்தை ஆயிரத்துக்கு 22.4 எனக் குறித்தது. பதிவுகளின் குறைகளையும் சுட்டியது. குடிக்கணக்குகளை ஒப்பிட்ட கிங்ஸ்லி டேவிஸ், 1931–41க்கு ஏறத்தாழ 31 என 1951இல் மதிப்பிட்டார். இரண்டுக்கும் இடையே உள்ளவர்கள் ஏட்டில் இடம்பெறாமலே இறந்த மனிதர்கள்.

இவ்வாராய்ச்சி நமக்கு ஏன் தேவை? காசநோய் பற்றி ஆர்தர் லாங்கஸ்டர் 1920இல் வெளியிட்ட நூல், பெண்களிடையே அந்நோய் பரவப் பர்தாவையும் ஒரு காரணமாகக் கூறியது. இத்தகைய கூற்றுகளை நம்மவருள் சிலர் சினத்துடன் மறுப்பர். சிலர் அப்படியே ஒப்புவர். இரண்டும் ஆய்வாகா. மருத்துவர் காணாத மரணத்தின் காரணத்தைப் பதிவாளரிடம் சொன்னவர் வீட்டார்தாம். இன்ன நோயென்று அறியாத மரணங்கள் பல ‘காய்ச்சல்’ என்ற ஒரே பத்தியில் சேர்ந்தன. நெருக்கமான தெருவும் வறுமையும் காற்றுப் புகாத அறையும் பர்தாவுடன் சேர்ந்தே இருந்த இடங்களில், எது நோயை வளர்த்தது என்பதை அந்த எண்கள் தனியே பிரித்துக் காட்டமாட்டா. அதற்காக, காற்றும் ஒளியும் பெண்களுக்கு வேண்டும் என்ற அறிவுரையை நாம் புறக்கணிக்கவும் கூடாது.

ளயீஃபான செய்தி வேறு. இட்டுக்கட்டப்பட்ட செய்தி வேறு. இப்பதிவேடுகள் முன்னதைச் சார்ந்தவை. வேறு சான்று துணைநின்றால் அவை வலுப்பெறும். மஹல்லா ஜமாஅத்துகளின் அடக்கப் பதிவேடுகள் அத்தகைய துணைச் சான்றாகலாம். ஆகவே, பழைய ஏடுகளைக் கரையானுக்கு விடாமல் காப்பதும், மையவாடியில் அடக்கப்படும் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் நாளையும், பெண்ணாயினும் சிசுவாயினும், எழுதிவைப்பதும் ஜமாஅத்துகளின் கடமையாகும். பிறரின் எண்களில் இஸ்னாது கேட்கும் நாம், நம் ஏட்டிலும் நம்பகமான அறிவிப்பாளராக இருத்தல் வேண்டும்.