கலப்பைக் கிழங்கின் இரண்டு நுனிகள்

பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு பாய் விரிக்கிற அளவு மண். அதைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்வதே பேராசைதான். அதில் ஒரு செங்காந்தள் கிழங்கை ஊன்றியது அதைவிடப் பெரிய பேராசை. நாலாம் வருஷம் அது துளசியை மூடி, செம்பருத்தியில் ஏறி, பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய் அத்தையின்) துணிக்கொடியை எட்டிப் பிடித்துவிட்டது. பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குமுன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அதைப் பார்த்தேன். அந்த ஒரு வாரம் வீணாகவில்லை.

மொட்டு பச்சையாக, தலை கவிழ்ந்து தொங்குகிறது. விரிகையில் ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேலே எழும்பிவிடும். ஆறு மகரந்தத் தாள்களும் கூடவே எழாமல் குடைக்கம்பி போலச் சுற்றிலும் கிடையாக நீளும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெம்பாங் சுங்சாங்’ என்கிறார்கள், அதாவது தலைகீழ்ப் பூ. மாக்சிக் இதைச் சொல்லிச் சிரித்தபோதுதான், இத்தனை நாளும் பூவின் முதுகையே முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது.

நிறம் நாளுக்கு நாள் மாறும். முதலில் பச்சையோடிய மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கிவர, அடியில் மட்டும் மஞ்சள் மிஞ்சும். கடைசியில் அதுவும் சிவந்துவிடும். ஒரே கொடியில் எல்லா வயதுப் பூவும் இருப்பதால், எது நேற்றையது, எது போன வாரத்தது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இதழோரம் நேராக ஓடாமல் நெளிநெளியாகச் சுருங்கியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது சூல்தண்டு. சூலகத்திலிருந்து நேரே இறங்காமல், புறப்பட்ட இடத்திலேயே செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேலேயே படாதபடி அப்படி ஒரு விலகல்.

இலையும் லேசுப்பட்டதில்லை. பாகலுக்கும் புடலுக்கும் பற்றுச்சுருள் தனியே முளைக்கும். இதற்கு இலையின் நுனியே மெலிந்து, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. பூ இல்லாத காலத்தில் இதை அடையாளம் காண இதுவே போதும். மழை லில்லியின் இலை வெங்காயத்தாள் மாதிரி மண்ணோடு நிற்கும். சிலந்தி லில்லியின் இலை வாள்போல அகன்று வளரும். இவற்றுக்கு நடுவே நுனி சுருண்ட இலை என்றால் அது காந்தள்தான்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான். பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்ன பழம்புலவர்கள் இந்த மடங்கிய இதழ்களை எத்தனை நேரம் பார்த்திருப்பார்கள்! தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான், ஜிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான். 1947இல், அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்தபோது, இளவரசி எலிசபெத்துக்கு அங்கே இந்தப் பூவின் வடிவத்தில் வைர ஊசி ஒன்று பரிசளித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இது கார்த்திகைப்பூ. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் இதைப் பந்தலில் ஏற்றி, விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கீல்வாதத்துக்கான கால்ச்சிசின் மருந்து அந்த விதையிலிருந்து எடுப்பது. அதே கொடி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை மணல்மேடுகளில் களை. அங்கே உள்ளூர்ச் செடிகளை மூடிப் படர்ந்ததை ஆட்கள் குனிந்து தோண்டி எடுக்கிறார்கள். ஒரு ஊரில் பாட்டு, இன்னொரு ஊரில் விளைச்சல், மற்றொன்றில் தொல்லை. என் வாசலில் மூன்றும்.

பூவைவிட நுட்பமானது மண்ணுக்குள் இருந்தது. கலப்பைக் கிழங்கு என்று பேர் வைத்தவர் உழவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு கைகளும் ஒரு கோணத்தில் சேர்ந்து, அசல் கலப்பை வளைவு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. வருஷா வருஷம் பழைய கிழங்கு சுருங்கி மடிய, அதன் இடத்தில் புதுக் கலப்பைகள் உருவாகின்றன. ஒன்று இரண்டாகப் பிரியும் கணக்கு, நாலு வருஷத்தில் துணிக்கொடி வரை வந்ததற்கு இதுதான் காரணம். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைந்ததும் கொடி காய்ந்து விழும். ஒழிந்தது என்று நினைப்போம். அது தூங்குகிறது, அவ்வளவுதான்.

கொடியைப் பிடித்து இழுத்தால் தண்டு முறிந்து கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். மண்வெட்டியைப் போட்டால் இன்னும் மோசம். கிழங்கு மொறுமொறுவென்று உடையும். முளையுள்ள துண்டு தனிச் செடியாகிவிடும். ஆகவே மண் ஈரமாக இருக்கும்போது, காய்ந்த தண்டு நின்ற இடத்தை அடையாளம் வைத்து, பக்கத்திலிருந்து விரலால் கிளறி, இரண்டு நுனியும் வந்தனவா என்று பார்க்க வேண்டும். கையுறை கட்டாயம். கால்ச்சிசின் மருந்தாவது மிகக் குறைந்த அளவில்தான். கிழங்கு முழுக்க அது நஞ்சு. உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. எனவே சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். விட்டால் மூன்றாக வெடித்து, செம்மணி போன்ற விதைகளைக் காட்டிப் பறவைகளைக் கூப்பிடும். விதை முளைக்க மாதக்கணக்கில் ஆவதால் இரண்டு மூன்று வருஷமாவது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். தோண்டியதை உரக்குழியிலோ சாக்கடையிலோ போடுவது, அடுத்த தெருவுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி. பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டேன்.

ஒரு கலப்பையை மட்டும் தொட்டியில் வைத்துக்கொண்டேன், காய்களை நானே கிள்ளுவேன் என்ற நிபந்தனையோடு. மற்றவற்றை எடுத்தபோது பதினோரு கிழங்கு, இருபத்தோரு நுனி. இருபத்திரண்டாவது நுனியைத் தேடி விளக்கு வைக்கும் நேரம் வரை மண்ணைச் சலித்தேன். செம்பருத்தி வேரடியில், சுண்டுவிரல் நகம் அளவில், முளை நிமிர்ந்தபடி கிடந்தது.