தாராவி கிளினிக், கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரி: ரிப்போர்ட்டுக்குப் பின்னால் நிற்பது யார்?

தெருமுனை டாக்டரின் வேலையில் மூன்று படிகள் உண்டு. நோயாளியைப் பார்த்து, கேட்டு, இன்னதாக இருக்கலாம் என்று ஊகிப்பது முதல் படி. என்ன பரிசோதனை வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவது அடுத்தது. ரிப்போர்ட் வந்தபின் மருந்தை முடிவுசெய்து, நோயாளி அதை முழுமையாக எடுக்கிறாரா என்று கவனிப்பது கடைசி. மும்பையிலும் இலங்கையிலும் முதல் படி ஏறக்குறைய ஒன்றுதான். மற்ற இரண்டும்தான் வேறுபடுகின்றன. மும்பையில் பரிசோதனை சந்தையின் கையில் இருக்கிறது. ரிப்போர்ட்டுக்குப் பிந்தைய வேலை பெரும்பாலும் நோயாளியின் தலையில் விழுகிறது. இலங்கையில் அரசு கட்டிவைத்த ஏணி ஒன்று இருக்கிறது. அதில் ஏற நேரமில்லாதவர்களுக்குத் தனியார் கதவு மாலையில் திறக்கிறது.

மும்பையின் தாராவி இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உட்பட, பல லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். 90 அடிச் சாலையிலும் அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் உள்ள கிளினிக்குகளில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களும் இருக்கிறார்கள், ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி படித்துவிட்டு அலோபதி மருந்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஓராண்டு மருந்தியல் படிப்பை முடித்த ஹோமியோபதி டாக்டர்கள் அலோபதி மருந்து எழுத வழிசெய்து மகாராஷ்டிரம் 2014-இல் சட்டத்தைத் திருத்தியது. அறையில் இருக்கும் கருவிகள் சில: ஸ்டெதாஸ்கோப், பிரஷர் பார்க்கும் கருவி, குளுக்கோமீட்டர். 2020-க்குப் பிறகு விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் சேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டதும், மாநகராட்சி இந்தத் தெருமுனை டாக்டர்களைத்தான் வீடுவீடாகக் காய்ச்சல் பார்க்க அழைத்தது. சந்துகளும் குடும்பங்களும் அவர்களுக்குப் பழக்கம் என்பதால் வேலை நடந்தது.

ரத்தம் எடுப்பது அநேகமாக லேப்பிலிருந்து வரும் பையன். ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற ரத்தம் உறையாமல் காக்கும் பொருள் இருக்கும். ரத்த அணுக்களை எண்ண அது வேண்டும். சாம்பல் நிற மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கும். சர்க்கரையை அளக்க அதுதான் சரி. எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஃபுளோரைடு இல்லாவிட்டால் மணிக்கு மணி அளவு குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. மே மாதத்தில் ஸ்கூட்டரின் பின்பெட்டியில் ஐஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் சுற்றிய குழாயிலிருந்து வரும் எண் சர்க்கரை நோயாளிக்குப் பொய்யான ஆறுதலைத் தந்துவிடும். இந்தச் சிறு கவனத்தில்தான் லேப்பின் தரம் இருக்கிறது. நோயாளியின் கண்ணுக்கு இது தெரிவதில்லை. இரவு வாட்ஸ்அப்பில் வந்து சேரும் ரிப்போர்ட் மட்டுமே தெரிகிறது.

தெருவில் ரத்தம் எடுத்து, தொலைவில் ஒரே பெரிய லேப்பில் சோதிக்கும் முறை இந்தியா முழுக்கப் பரவியதில் மும்பைத் தமிழர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. கோவைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானியாக இருந்த ஆ. வேலுமணி, 1996-இல் தைரோகேர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சேகரிப்பு மையங்களை வைத்து, மாதிரிகளை இரவோடு இரவாக மும்பைக்கு வரவழைத்து, இயந்திரங்களை ஓயாமல் ஓட்டி விலையைக் குறைத்தது அந்நிறுவனம். தைராய்டு பரிசோதனை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. 2021-இல் அதன் பெரும்பங்கை ஆன்லைன் மருந்துக் கடையான ஃபார்ம்ஈசியின் தாய் நிறுவனம் 4,546 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காலை ஏழு மணிக்கு வெறும்வயிற்று ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவது இந்த வளர்ச்சியின் பலன். தனியாக வாழும் முதியவர்களுக்கு அது உண்மையான உதவி. ஆனால் டாக்டர் கேட்காமலே 'முழு உடல் பேக்கேஜ்' வாங்குவது உதவி ஆகாது. அறுபது எழுபது எண்கள் கொண்ட ரிப்போர்ட்டில் ஒன்றிரண்டு வரம்பைத் தாண்டித்தான் நிற்கும். அதைத் துரத்திக்கொண்டு அடுத்த பரிசோதனை, அதற்கடுத்தது என்று செலவு வளரும்.

இலங்கையில் தொடக்கமே வேறு. கிராமத்தில் ஆரம்ப வைத்தியப் பராமரிப்புப் பிரிவு, அதன் மேலே பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்று அடுக்கு இருக்கிறது. எதிலும் கட்டணம் கிடையாது. அரசு டாக்டர்கள் வேலை நேரம் முடிந்தபின் தனியாக நோயாளிகளைப் பார்க்க 1977 முதல் அனுமதி உண்டு. ஆகவே கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மாலை ஆறு மணிக்கு டிஸ்பென்சரியில் உட்காரும் டாக்டர், காலையில் அரசு வைத்தியசாலை வார்டில் இருந்தவராக இருக்கலாம். குளிசைகளையும் (மாத்திரைகளையும்) அங்கேயே கட்டிக் கொடுத்துவிடுவார். கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகளுக்கு ஊரெங்கும் ரத்தம் சேகரிக்கும் நிலையங்கள் உண்டு. டிஸ்பென்சரியை ஒட்டியே சில இயங்கும். சந்தை அங்கேயும் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே இலவசமான வைத்தியசாலை இருப்பதால், நோயாளிக்கு 'வேண்டாம், காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல முடிகிறது. தாராவி நோயாளிக்கு மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி நடக்கும் தூரத்தில் இருந்தாலும், அந்த வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும்.

சட்டத்திலும் இடைவெளி பெரிது. இலங்கையின் 2006-ஆம் ஆண்டு 21-ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம், தனியார் லேப்களையும் டிஸ்பென்சரிகளையும் ஒரு ஒழுங்குமுறைச் சபையின் கீழ் பதிவுசெய்யச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டு நர்சிங் ஹோம் பதிவுச் சட்டம் படுக்கை வசதி உள்ள இடங்களுக்கானது. தனியாக இயங்கும் லேப் அதன் வலைக்குள் விழுவதில்லை. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டத்தையும் மாநிலம் ஏற்கவில்லை. லேப் ரிப்போர்ட்டில் நோய்க்குறியியல் (பேதாலஜி) மேற்படிப்பு முடித்த, பதிவுபெற்ற மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்ற நிலையை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பு வந்தபின்னும், டெக்னீஷியன் மட்டுமே நடத்தும் லேப்கள் பற்றிப் பேதாலஜிஸ்ட்டுகளின் சங்கம் புகார் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அனுப்பிவைத்த டாக்டருக்கு லேப் தரும் 'கட்' எனும் தரகு மும்பையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை அதைத் தடைசெய்கிறது. தனிச்சட்டம் கொண்டுவர 2017-இல் மாநில அரசு குழு அமைத்து வரைவும் எழுத வைத்தது, வரைவு சட்டமாகவில்லை. தேவையற்ற பரிசோதனைக்கு ஏழை கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி, எழுதிக் கொடுத்தவரின் பைக்குப் போவது மருத்துவத்தின் மீதான நம்பிக்கையையே அரிக்கிறது.

இரு இடங்களையும் அருகருகே பார்க்கக் காய்ச்சல் நல்ல அளவுகோல். மும்பையில் ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், டைஃபாய்டு நான்கையும் நினைக்க வேண்டும். சீட்டில் ரத்த அணு எண்ணிக்கை, மலேரியா ஸ்மியர், டெங்கு என்.எஸ்.1, டைஃபாய்டுக்கான வைடால் எல்லாம் ஒரே வரியில் வரும். இதில் வைடால் ஒருமுறை மட்டும் செய்தால் நம்பத்தக்கதல்ல. இருந்தும் பழக்கத்தால் எழுதப்படுகிறது. இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012-இல் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆகவே அங்குள்ள டாக்டரின் முதல் கவலை டெங்கு. 2017-இல் 1,86,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டபோது, ரத்த அணு எண்ணிக்கைக்கும் டெங்கு ஆன்டிஜென் சோதனைக்கும் தனியார் லேப்கள் வாங்கக்கூடிய உச்ச விலையை அரசு நிர்ணயித்தது. காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டினால் ரத்தம் சோதிக்க வேண்டும், பாராசிட்டமால் தவிர வேறு வலிக்குளிசை கூடாது என்ற செய்தி பாமர வீடுகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு மும்பை மாநகராட்சியும், வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு இலங்கைச் சுகாதாரப் பணிமனைகளும் எலிக்காய்ச்சலைத் தடுக்க ஒரே மருந்தை, டாக்ஸிசைக்கிளினைத்தான் கொடுக்கின்றன.

மலேரியாவில் மும்பையின் பலவீனம் ரிப்போர்ட்டுக்குப் பிறகு தெரிகிறது. விவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும். அதைத் தீர்க்கப் பிரைமாகுவின் 14 நாள் எடுக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். வேலைக்குப் போக வேண்டியவர் மாத்திரையை மறந்துவிடுவார். தனியார் கிளினிக்கில் அவரைத் தேடிப் போக ஆள் இல்லை.

காசநோயில் இதே பலவீனம் உயிரைக் குடிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்தியாவில் லட்சம் பேருக்கு 195 பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளானார்கள்; இலங்கையில் அது 60-ஐ ஒட்டியே இருக்கிறது. இலங்கையில் சந்தேகம் வந்தால் தெருமுனை டாக்டர் மாவட்டத்து மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார். சளிச் சோதனையும் மருந்தும் தொடர்கண்காணிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. மும்பையில் இருமல்காரர் ஒரு டாக்டரை விட்டு இன்னொரு டாக்டரிடம் போய்க்கொண்டே இருக்கிறார். காசநோய் அறிகுறிகளைச் சொல்லும்படி பயிற்சி பெற்றவர்களை நோயாளிகள் போல் மும்பை, பாட்னா தனியார் கிளினிக்குகளுக்கு அனுப்பி நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஏறக்குறைய 35 விழுக்காட்டுச் சந்திப்புகளில்தான் சரியான வழி பின்பற்றப்பட்டது. மற்றவற்றில் பலருக்கு இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கிடைத்தன. சளிச் சோதனை எழுதப்படவில்லை.

மும்பை இதற்குக் கண்ட வழி பாராட்டத்தக்கது. 2014 முதல் சில ஆண்டுகள் மாநகராட்சியும் பாத் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து தனியார் டாக்டர்களுக்கு வவுச்சர் கொடுத்தன. நோயாளி தன் வழக்கமான டாக்டரிடமே இருந்துகொண்டு, மார்பு எக்ஸ்ரேயும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் இலவசமாகச் செய்துகொண்டார். கிருமியையும் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய காசநோய் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லும் சோதனை அது. மாத்திரையை எடுக்கிறாரா என்று தொண்டர்கள் கேட்டறிந்தார்கள். நோயாளிக்கு நம்பிக்கையுள்ள இடத்துக்கு அரசின் சேவை தேடிப்போனது. இலங்கையின் ஏணியில் இந்த நெகிழ்வு இல்லை.

நீண்டகால நோய்களில் இலங்கையின் பலம் கிளினிக் கொப்பி. சீனி வருத்தம் (சர்க்கரை நோய்), பிரஷர் உள்ளவர் மாதாமாதம் அரசு வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோகும் அந்தப் புத்தகத்தில் பழைய அளவுகள், மருந்து மாற்றங்கள், அடுத்த முறை செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை எல்லாம் வரிசையாக இருக்கும். எந்த டாக்டர் அன்று உட்கார்ந்தாலும் புரட்டிப் பார்த்துவிடலாம். 2011-இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள், நோய் தெரியாத நடுவயதினருக்கும் எடை, பிரஷர், சர்க்கரை பார்க்கின்றன. மும்பையில் 2022-இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மாநகராட்சிக் கிளினிக்குகள் 147 வகை ரத்தப் பரிசோதனையை இலவசமாகத் தருகின்றன. இரவு பத்து வரை திறந்திருப்பவையும் உண்டு. கூலி வேலைக்காரருக்கு இந்த நேரம் பெரிய வரம். இலங்கையின் அரசு கிளினிக்குகள் பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடுகின்றன.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இலங்கை தெளிவாக முன்னே நிற்கிறது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல மாது (மருத்துவச்சி) வீட்டுக்கே வருகிறார். கர்ப்பகால ரத்தப் பரிசோதனை யாருக்கும் தவறக்கூடாது என்ற ஒழுங்கின் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019-இல் அது சான்று பெற்றது. தாராவியில் அந்த வேலையைச் சயான் ஆஸ்பத்திரியின் நகர்ப்புறச் சுகாதார மையமும், மாநகராட்சியின் ஆரோக்ய சேவிகா எனும் சுகாதாரப் பணியாளர்களும், 1999-இல் டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய ஸ்னேஹா அமைப்பும் பகிர்ந்து செய்கின்றன. பெண் சிசுவைக் கருவிலேயே கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க மகாராஷ்டிரம் 1988-இலேயே சட்டம் இயற்றியது. பின்னர் வந்த மத்தியச் சட்டப்படி சோனோகிராபி இயந்திரம் பதிவுபெற்ற மையத்தில் மட்டுமே இருக்க முடியும்.

இலங்கையின் ஏணியும் எல்லாருக்கும் ஒரே உயரமல்ல. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயம் எனும் வரிசைக் குடியிருப்புகளில் வாழும் தமிழருக்கு நெடுங்காலம் கிடைத்தது தோட்ட மருந்தகமும் அதன் மருத்துவ உதவியாளரும்தான். ரத்தப் பரிசோதனைக்கு நகரத்துக்கு இறங்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரசு லேப்களில் ரசாயனங்கள் தீர்ந்துபோய், 'வெளியில் செய்துகொண்டு வாருங்கள்' என்ற சொல் அங்கேயும் வழக்கமானது.

மும்பையின் வேகத்தோடு இலங்கையின் பதிவும் கொப்பியும் சேர்ந்தால் தாராவி நோயாளிக்குப் பாதிச் சுமை இறங்கும். தனி லேப்களைப் பதிவுசெய்யும் சட்டத்தை மகாராஷ்டிரம் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். நோயாளிகள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு: ரிப்போர்ட்டில் பேதாலஜிஸ்ட்டின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்; எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி மருத்துவ மையங்களில் அதற்குக் கட்டணம் இல்லை.