கெட்டிஸ்பர்க் தோட்டாக்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுபவர்கள் சொல்லும் பேய்க்கதைகளில் இதுதான் எனக்கு உசத்தி. 1993-இல் வெளிவந்த 'கெட்டிஸ்பர்க்' படத்துக்காகச் சிப்பாய் வேடமிட்ட சிலர், கெட்டிஸ்பர்க் போர்க்களத்தின் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் ஓய்வாக இருந்தார்களாம். அழுக்குச் சீருடையும் கந்தக வாடையுமாக ஒரு கிழவர் வந்து, கொஞ்சம் தோட்டாக்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பிறகு பார்த்தால், அத்தனையும் அந்தக் காலத்து அசல்.

நடிப்பவர்களின் காகிதத் தோட்டாவில் வெறும் கருமருந்துதான், ஈயக்குண்டு இருக்காது. அதனால்தான் உள்ளங்கையில் விழுந்த அந்தக் கனம் கேட்பவரை உலுக்குகிறது. அந்தப் போர் நடந்த 1863-ஐப் பொத்தான்வரை தேடுகிறவர்கள் கட்டிய கதையல்லவா! மூன்று நாளில் சுமார் 50,000 பேர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போன மண் அது. அங்கே வரும் ஆவி அலறவில்லை, பழிவாங்கவில்லை; குண்டு தீர்ந்திருக்குமே என்று பக்கத்துச் சிப்பாய்க்காகக் கவலைப்படுகிறது.